ஆறாம் பாதையில் நின்ற பனை

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய் என்றாலும் செய்வேன். எந்தக் கோயில், எத்தனை மணி என்று மட்டும் அறிவித்தால் போதும். எதையும் கூட்டவில்லை. குறைத்தது ஒன்று உண்டு. ஏரம்பர் அன்றைக்குச் சொன்ன தூஷணங்களை முழுக்கப் போட அச்சகத்தில் எழுத்துக் காணாது, போதாது என்றார்கள். அதனால் விட்டுவிட்டேன்.

மானிப்பாய் ஏரம்பர் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ரிக்கற் பரிசோதகராக இருந்தவர். ஏறியதும் ஐம்பது முகங்களை ஒரு தடவை பார்ப்பார். ரிக்கற் எடுக்காதவன் எவன் என்று மூக்கே சொல்லிவிடும். ஒருமுறை அவர் ஏறிய பஸ்ஸில் சாரதியே இறங்கி ஓடினான். ஓய்வுபெற்ற பிறகு அந்த மூக்கைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் துப்பறியத் தொடங்கினார். கோபம் மட்டும் ஓய்வுபெறவில்லை.

அவருடைய உதவியாளர் உதயகலாவுக்கு நாற்பது வயது. சொந்தமாக ஓட்டோ ஓடுகிறவர். ஓட்டோவுக்கு பிரேக் உண்டு, வாய்க்கு இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு அந்த ஓட்டோ வடகரைப் பல்கலைக்கழக வாசலில் நின்றபோது, அறிவித்தல் பலகைக்கு முன்னால் இருவர் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் குருநகர் செபநாயகம். கடலுக்குப் போகிறவர், விறைத்த கயிறு மாதிரி ஆள். பக்கத்தில் அவருடைய மகள் மார்கிரட், இரண்டாம் வருட மாணவி, எண்ணூறு மீற்றர் ஓடுகிறவள்.

"வாசியுங்கோ ஐயா," என்றார் செபநாயகம். "நான் வாசிச்சால் பலகையை உடைச்சுப் போடுவன்."

நான்கு குண்டூசியில் ஒரு கடதாசி. மாணவி செ. மார்கிரட் கண்டியில் நடந்த திறந்த போட்டியில் தனது இலக்கத்தை வேறொருவருக்குக் குத்தி ஓடவிட்டுப் பரிசு பெற்றதாக விளையாட்டுச் சபை கருதுகிறது. ஆள்மாறாட்டம். விசாரணை பிற்பகல் இரண்டு மணி. குற்றம் உறுதியானால் இரண்டு வருடத் தடை.

"நாளைக்குக் காலமை பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு பஸ் வெளிக்கிடுது," என்றாள் மார்கிரட். "அதிலை என்ரை பேரை வெட்டிப்போட்டினம்."

"என்ன சாட்சியிலை?"

"ஐஞ்சு செக்கன் ஐயா. கண்டியிலை ரெண்டு நிமிசம் பதினாலு செக்கனிலை ஓடினனான். பத்து நாள் கழிச்சு இஞ்சை, எங்கடை மைதானத்திலை, தெரிவுப் போட்டியிலை ரெண்டு பத்தொன்பது. ஒரே ஆள் பத்து நாளிலை ஐஞ்சு செக்கன் குறைய மாட்டாளாம். கண்டியிலை ஓடினது வேறை ஆளாம்."

"கண்டிக்கு ஆர் கூடப் போனது? ஆரும் வீடியோ எடுத்தவையோ?"

செபநாயகம் நிலத்தைப் பார்த்தார். "நான்தான் எடுத்தனான். பிள்ளை முன்னுக்கு வரேக்கை துள்ளிப்போட்டன். முழுக்க வானம்தான் விழுந்திருக்கு. என்ரை குரல் வடிவாக் கேக்கும்."

"பரவாயில்லை அண்ணை," என்றார் உதயகலா. "மழை வருமோ எண்டு அறிய உதவும்."

ஏரம்பரின் காது சிவந்தது. அவருக்குக் கோபம் காதிலிருந்துதான் தொடங்கும். ரிக்கற் வைத்திருந்தவனைக் கள்ளன் என்று இறக்கிவிட்ட பரிசோதகர் ஒருவரை அவர் தன் வாழ்நாளில் கண்டிருக்கிறார். அந்த ஆளோடு அதற்குப் பிறகு பதினேழு வருடம் கதைக்கவில்லை.

"ஒரே பஸ், ஒரே சாரதி, ஒரு நாள் ஐஞ்சு நிமிசம் பிந்தி வருது," என்றார் நடந்துகொண்டே. "ஏன் வரும், கலா?"

"சாரதி வழியிலை ரீ குடிச்சிருப்பார்."

"இல்லையெண்டால்?"

"மணிக்கூடு பிழை."

"இல்லையெண்டால்?"

"றோட்டு நீண்டிருக்கும்." உதயகலா சிரித்தார். ஏரம்பர் சிரிக்கவில்லை. றோட்டு நீளாது என்று சொல்லிவிட்டு உடற்கல்வி அலகின் அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

முதலில் சாரதியை விசாரித்தார். தெரிவு ஓட்டம் அன்று காய்ச்சலா, கால் நோவா, வயிற்றுக் குத்தா என்று மார்கிரட்டைக் கேட்டார். ஒன்றும் இல்லை. "ஆனா ஐயா, இஞ்சை ஓடேக்கை ஒரு விஷயம் நடக்கும். ரெண்டாம் சுற்றிலை மேற்கு வளைவு வரேக்கை, இந்நேரம் முடியவேணுமே எண்டு கால் கேக்கும். கண்டியிலை கால் ஒண்டும் கேக்கேல்லை. முடிஞ்ச பிறகுதான் கேட்டது."

அடுத்தது மணிக்கூடு. அலகில் இருந்த மூன்று நிறுத்தற் கடிகாரங்களையும் மேசையில் வைத்து, உதயகலாவின் கைத்தொலைபேசியோடு சேர்த்து ஓடவிட்டார். பத்து நிமிடம் ஓடியும் நாலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை.

"ஒற்றுமையான குடும்பம்," என்றார் உதயகலா.

அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. பேராசிரியர் சிவசுப்பிரமணியம். விளையாட்டுச் சபைத் தலைவர். ஐம்பத்தொரு வயதிலும் வயிறு இல்லை, அந்த இடத்தில் நெஞ்சே நீண்டிருந்தது.

"நீர் ஆர் காணும், அனுமதி இல்லாமல் உள்ளை?"

"ஏரம்பு. இந்தப் பிள்ளையின்ரை பக்கம்."

"உந்தப் பிள்ளைக்குப் பக்கம் வேறை இருக்கோ?" பேராசிரியர் சுவரைக் காட்டினார். அங்கே தேக்குப் பலகையில் பொன்னெழுத்தில் பல்கலைக்கழகச் சாதனைகள். நூறு மீற்றரைத் தவிர ஓட்டங்கள் எல்லாம் வரிசையாக ஒரே காலம்: தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. பெண்கள் எண்ணூறு மீற்றர், 1992, இரண்டு நிமிடம் பதினாறு. ஆண்கள் எண்ணூறு மீற்றர், 1993, சிவசுப்பிரமணியம். "பாரும். இருபத்தெட்டு வருசமா ஒருத்தரும் இந்தப் பலகையிலை கை வைக்கேல்லை. அப்ப எங்களுக்குச் சப்பாத்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. ஓடினம். இப்பத்தையான் பிள்ளையளுக்கு எல்லாம் இருக்கு, கால் மட்டும் இல்லை. ஒவ்வொரு வருசமும் மேடையிலை சொல்லுறன், வெக்கப்படுங்கோ எண்டு. உவள் திடீரெண்டு ரெண்டு பதினாலு ஓடினவளாம். ஆரைப் பேய்க்காட்டுறாள்?"

மார்கிரட்டின் கழுத்து நரம்பு ஒன்று துடித்தது. வாய் திறக்கவில்லை. செபநாயகம் திறக்கப் போனார். ஏரம்பர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணிக்குச் சந்திப்பம், பேராசிரியர்."

மைதானத்துக்கு வந்தபோது ஏரம்பரின் இரண்டு காதும் செம்பரத்தம்பூவாக இருந்தன. ஆறு ஓடுபாதைகள், சுண்ணாம்புக் கோடு புதிதாக மினுங்கியது. மேற்கு வளைவில், ஆறாம் பாதையின் நட்ட நடுவே, ஒரு பனை நின்றது.

ஏரம்பர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். நின்றது.

"உதென்ன?"

"அது எங்கடை பாரம்பரியம் ஐயா," என்றாள் மார்கிரட் சாதாரணமாக. "ஆறாம் லேன் கிடைச்சவர் பனையடியிலை வந்ததும் தொட்டுக் கும்பிட்டுச் சுத்திப் போகவேணும். அதுக்கு ஒரு செக்கன் கழிச்சு விடுவினம்."

"வெளியிலை இருந்து வாற பல்கலைக்கழகங்கள் ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

"முதல் கேட்டவையாம். பேந்து அவையும் கும்பிடுகினம். தோத்துப் போனால் யாழ்ப்பாணத்து வெக்கை, கடல் காத்து எண்டு சொல்லிப்போட்டுப் போவினம்."

"பனை எப்ப நட்டது?"

"நடேல்லை ஐயா. மைதானத்துக்கு முந்தியே நிண்டதாம்."

ஏரம்பர் திரும்பி நடந்தார். நடை என்று சொல்வது மரியாதைக்கு. அலகின் நடையோடையில் பழைய புகைப்படங்கள் தொங்கியதை வரும்போதே மூக்கு குறித்து வைத்திருந்தது. 1993. மேற்கு வளைவில் இளம் சிவசுப்பிரமணியம் முதலாவதாகத் திரும்புகிறார். அவருக்கு வெளியே ஆறாம் பாதை. அதற்கும் வெளியே கடைசிச் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அப்பால் ஒரு சைக்கிள் குறுக்கே நிற்கிறது. சைக்கிளுக்கு அப்பால் ஒருவர் குடையோடு. குடைக்காரர் சாய்ந்துகொண்டு நிற்பது அந்தப் பனையில்.

"கலா, பனை நடக்குமோ?"

உதயகலா படத்தைப் பார்த்தார், யன்னலால் மைதானத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஒரு சைக்கிளையும் குடைக்காரரையும் தாண்டி வந்திருக்கு அண்ணை. இருபத்தெட்டு வருசத்திலை இந்த மைதானத்திலை முன்னேறின ஒரே ஆள் உதுதான்."

"பனை நடக்காது," என்றார் ஏரம்பர். "அப்ப நடந்தது என்ன?"

உதயகலாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஐயோ. றோட்டு."

"இந்த மைதானத்தை எதாலை அளக்கினம்? வா."

மைதானப் பொறுப்பாளர் கோகுலன் கொட்டிலில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். மெலிந்த, அவசரமில்லாத மனிதர். கேள்வியைக் கேட்டதும் கையைக் கழுவினார். கொட்டிலின் மூலையில் ஒரு மேடை. அதில் சந்தனம் பூசி, மாலை போட்டு, சுருளாக ஒரு பச்சை நைலோன் கயிறு.

"தொண்ணூற்றஞ்சு இடப்பெயர்விலை, சண்டைக்குப் பயந்து ஊரே ஓடேக்கை, அளக்கிற உருக்கு நாடா துலைஞ்சு போச்சு," என்றார் கோகுலன். "திரும்பி வந்தாப்போலை, குருநகரிலை வலைக்கடையிலை இந்தக் கயிறு வாங்கினது. இரவல் நாடா ஒண்டு வைச்சுச் சரியா நூறு மீற்றர் அளந்து வெட்டினது. வளைவுக்கெல்லாம் இடையிலை சிவப்பு நூல் கட்டியிருக்கு. ஒவ்வொரு வருசமும் போட்டி முதல் நாள் காலமை இதாலை அளந்துதான் சுண்ணாம்புக்கோடு போடுவம். பார்வையாளர் மண்டபப் பக்கத்துக் கோடு அசையாது. அங்கையிருந்து மேற்காலை அளப்பம். நூறு மீற்றர் மட்டும் தனி. அதுக்கு மண்டபச் சுவரோடை சீமெந்துக் கல்லு ரெண்டு இருக்கு."

"மாலை ஏன்?"

"கடைசி நாள் பின்னேரம் இதாலைதானே கயிறிழுப்பு. ஆசிரியர் ஒரு பக்கம், ஊழியர் ஒரு பக்கம். பக்கத்துக்கு நூறு பேர். அது எங்கடை பல்கலைக்கழகத்தின்ரை பேர்போன வழக்கம்."

 செபநாயகம் மெதுவாக முன்னுக்குப் போனார். மாலையை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். கயிற்றை இரண்டு விரலால் உருட்டி, ஒரு முழம் நீட்டி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"இது இழுபட்ட கயிறு," என்றார். "முறுக்கு முழுக்கச் செத்துப் போச்சு. நைலோனை இப்பிடி இழுத்தால் திரும்பி வராது. நாங்கள் இதாலை நங்கூரம் கூடக் கட்டமாட்டம்." கயிற்றைத் திரும்ப மேடையில் போட்டார். "இருநூறு பேர் இழுக்கிற கயிறாலையோ என்ரை பிள்ளை ஓடுற தூரத்தை அளக்கிறியள்?"

"இழுத்து இழுத்து நீளும், நீளுற கயிறு மைதானத்தை நீட்டும்," என்றார் ஏரம்பர். "மேற்கு வளைவு ஒவ்வொரு வருசமும் ஒரு சாண் பனையை நோக்கிப் போயிருக்கு. கடைசியிலை பனையை விழுங்கிப்போட்டு, விழுங்கினதைக் கும்பிடச் சொல்லியிருக்கு."

"அண்ணை," என்றார் உதயகலா, "இன்னும் ஐம்பது வருசம் விட்டிருந்தால் மானிப்பாய்க்கு பஸ் தேவையில்லை. மேற்கு வளைவிலை ஏறிப் போயிருக்கலாம்."

ஏரம்பர் கோகுலனைப் பார்த்தார். ரிக்கற் கேட்கும் பார்வை. "உமக்குத் தெரியாதோ?"

கோகுலன் பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்தார். "பனை கோட்டிலை முட்டின வருசமே எழுதினனான், ஐயா. கயிறு நீண்டு போச்சு, நாடா தாங்கோ எண்டு. வருசத்துக்கு ஒண்டாப் பதினொரு கடிதம். பதினொண்டுக்கும் ஒரே பதில்."

ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: பாரம்பரியத்தில் கை வைக்க வேண்டாம். கீழே கையொப்பம். சிவசுப்பிரமணியம்.

அந்தக் கையொப்பத்தைப் பார்த்து ஏரம்பர் வாயைத் திறந்தபோதுதான் அச்சகத்தில் எழுத்துக் காணாமற் போனது.

"இதை ஏன் ஒருத்தருக்கும் காட்டேல்லை?" என்று மார்கிரட் கேட்டாள். அன்று முழுவதும் அவள் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. "என்னைக் கள்ளி எண்டு ஒட்டின கடதாசியை நீங்களும்தானே வாசிச்சனீங்கள்?"

கோகுலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு நிரந்தர நியமனம் போன மாசம்தான் வந்தது, தங்கச்சி. பதினெட்டு வருசம் தற்காலிகம். பிழைதான். இப்ப ஆர் கேட்டாலும் சொல்லுவன்."

இரண்டு மணிக்கு விசாரணை மண்டபத்தில் மூன்று கதிரை போட்டிருந்தது. நடுவில் பேராசிரியர், இரு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், அவர் தலையாட்டினால் ஆட்டுகிறவர்கள். ஏரம்பர் உட்காரவில்லை.

"விசாரணையை மைதானத்திலை வைப்பம்," என்றார். "சாட்சி அங்கை நிக்குது. வேர் விட்ட சாட்சி, கூட்டிக்கொண்டு வரேலாது."

பொறியியல் பீடத்தில் நூறு மீற்றர் உருக்கு நாடாக்கள் ஏழு கிடந்தன. மைதானத்திலிருந்து இருநூறு அடி தூரம். கயிறு வந்த நாளிலிருந்து ஒருவரும் போய்க் கேட்கவில்லை. உதயகலா போய்க் கேட்டார். தந்தார்கள்.

வெயிலில் நாடாவை விரித்தார்கள். அதன் அருகே, தொடக்கத்தோடு தொடக்கம் பொருத்தி, கயிற்றை விரித்தார்கள். வகுப்பு விட்ட மாணவர்கள் கூடிவிட்டார்கள். நாடா நூறில் முடிந்தது. கயிறு முடியவில்லை. அது பாட்டுக்குப் போய், நூற்றுநாலில் நின்றது.

"நூறுக்கு நாலு," என்றார் ஏரம்பர். "ஒரு சுற்றுக்குப் பதினாறு. ரெண்டு சுற்றுக்கு முப்பத்திரண்டு மீற்றர். இந்தப் பிள்ளையின்ரை வேகத்திலை முப்பத்திரண்டு மீற்றர் ஓட எத்தனை செக்கன் வேணும், பேராசிரியர்? ஐஞ்சு. கண்டியிலை ஓடினதும் இவள்தான். இஞ்சை ஓடினதும் இவள்தான். இஞ்சை இவள் ஓடினது எண்ணூறு மீற்றர் இல்லை, எண்ணூற்று முப்பத்திரண்டு."

பேராசிரியர் நாடாவைப் பார்த்தார். "வெயிலுக்கு நாடா சுருங்கியிருக்கும்."

"அப்ப பனையும் வெயிலுக்குத்தான் நிழல் தேடி உள்ளை வந்ததோ, சேர்?" என்றார் உதயகலா. மாணவர்களுக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. பத்து முகத்தில் சிரிப்பு. மற்ற முகங்களில் வேறொன்று. அவர்களும் ஒவ்வொரு வருடமும் மேடைக்குக் கீழே நின்று வெட்கப்படச் சொல்லிக் கேட்டவர்கள்.

ஏரம்பர் பதினொரு கடிதத்தையும் உறுப்பினர்களிடம் கொடுத்தார். அவர்கள் வாசித்தார்கள். தலைவரைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டவில்லை. முதல் தடவையாக, எப்படி ஆட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சிருந்திருக்கு," என்றார் ஏரம்பர். சத்தம் போடவில்லை, அது அவருடைய கோபத்தின் கடைசிப் படி. "பதினொரு வருசம் தெரிஞ்சிருந்திருக்கு. உம்மடை பேர் பலகையிலை நிக்கவேணும் எண்டு, ஓடின பிள்ளையள் எல்லாருக்கும் காலில்லை எண்டு மேடையிலை ஏறிச் சொன்னீர். ஒருத்தி காலிருக்கு எண்டு காட்டினாப்போலை, அவளைக் கள்ளி எண்டீர்."

பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "சரி. பிள்ளையின்ரை பேரைத் திருப்பிச் சேர்ப்பம். நாளைக்கு பஸ்ஸிலை போகட்டும். ஆனா இந்தக் கயிற்றுக் கதை மைதானத்தோடை நிக்கட்டும். பல்கலைக்கழகத்தின்ரை மானம்—"

"நான் போவன், சேர்," என்றாள் மார்கிரட். "அது என்ரை இடம், நீங்கள் தாறதில்லை. ஆனா வாசல் பலகையிலை ஒட்டின கடதாசியை நீங்கள்தான் கழட்டவேணும். எழுதுவினைஞரை விட்டில்லை. உங்கடை கையாலை."

"அதெல்லாம் நடைமுறைப்படி—"

செபநாயகம் இடுப்பிலிருந்து வலைக்கத்தியை எடுத்தார். கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. நாடா முடிந்த இடத்தில் குந்தினார். கயிற்றின் மேல் கத்தியை வைத்து ஒரு இழுவை. நாலு மீற்றர் துண்டு கையோடு வந்தது. அதைச் சுருட்டக்கூட இல்லை. அப்படியே கொண்டுவந்து பேராசிரியரின் மினுக்கிய சப்பாத்தின் மேல் போட்டார்.

"இதை என்ரை பிள்ளை எட்டுத் தரம் கூட ஓடியிருக்கிறாள்," என்றார். "நீர் ஒரு தரம் தூக்கிக்கொண்டு அந்த வாசல் பலகை வரைக்கும் நடவும்."

 பேராசிரியர் குனிந்தார். கயிற்றை எடுத்தார். முன்னால் அவர், பின்னால் மார்கிரட், அவளுக்குப் பின்னால் இருநூறு மாணவர்கள். வாசல் பலகையடியில் நின்று நான்கு குண்டூசியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாலாவது வரமாட்டேன் என்று நின்றது. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நகத்தால் நெம்பிக் கடைசியில் எடுத்தார். கடதாசியை வாங்கிய மார்கிரட் அதைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு மைதானத்துக்குத் திரும்பிப் போனாள். பயிற்சி நேரம் ஆகிவிட்டது.

சத்தியத்துக்கு நான் இன்னும் தயார், வடகரைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் இன்னும் அடிக்கல் நாட்டப்படவில்லை, காணி பார்க்கிறார்கள்.